எச்.ஐ.வி.: வெட்கத்தை விட்டு விளங்கிக்கொள்வோம்



"எயிட்ஸ்" என்ற பேச்சை எடுத்தாலே நமது லயங்களில் இரண்டு விதமான பதில்தான் வருகிறது. "அதெல்லாம் டவுன்காரங்களுக்கு வர்ற நோய், நமக்கு எதுக்கு?" என்பது ஒன்று. "ஐயோ, அந்தப் பேச்சே வேணாம், வந்தா சாவுதான்" என்பது மற்றது. இரண்டுமே பிழை. முதலாவதை நம்புகிறவர் பரிசோதனைக்குப் போகமாட்டார். இரண்டாவதை நம்புகிறவரும் போகமாட்டார். மருந்து இருக்கும் இந்தக் காலத்திலும் சிலர் இந்த நோயால் சாவதற்கு இப்படிப் போகாமல் இருப்பதே பெரிய காரணம். ஆகவே இம்முறை இந்த விஷயத்தை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறோம். வீட்டில் எழுத வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இதைப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

எச்.ஐ.வி. வேறு, எயிட்ஸ் வேறு

எச்.ஐ.வி. என்பது ஒரு வைரஸ் கிருமியின் பெயர். தோட்டத்துக்கு வாச்சர்மார் இருப்பதைப்போல நமது இரத்தத்திலும் நோய்களை விரட்டும் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. எச்.ஐ.வி. கிருமி அந்த வாச்சர்மாரையே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது. காவல் இல்லாத தோட்டத்தில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் அல்லவா? அதேபோல காசநோய், நிமோனியா, வயிற்றோட்டம் போன்றவை உடம்பில் புகுந்து ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். அந்தக் கடைசி நிலைக்குத்தான் எயிட்ஸ் என்று பெயர்.

கிருமி தொற்றியவுடன் எயிட்ஸ் வந்துவிடாது. தொற்றிய சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்து போகும். தடிமன் காய்ச்சல் என்றே நினைப்போம். பிறகு மருந்து எடுக்காவிட்டால்கூட எட்டு, பத்து வருஷம் வரை ஆள் சுகமாக மலை ஏறி வேலை செய்யலாம். ஆனால் அந்தக் காலம் முழுவதும் அவரிடமிருந்து மற்றவருக்குக் கிருமி தொற்றக்கூடும். ஆகவே ஆளைப் பார்த்து, "இவருக்கு இருக்கு, இவருக்கு இல்லை" என்று யாராலும் சொல்ல முடியாது. மெலிந்தவரெல்லாம் நோயாளியும் இல்லை, கொழுத்தவரெல்லாம் சுகதேகியும் இல்லை.

எப்படித் தொற்றுகிறது?

மூன்று வழிகள்தான் உண்டு.

1. உடலுறவு. கிருமி உள்ள ஒருவருடன் ஆணுறை இல்லாமல் உறவு கொள்வதால் தொற்றும். உலகத்தில் பெரும்பாலானோருக்கு இப்படித்தான் தொற்றியது. வேறு பாலியல் நோயும் அதனால் வந்த புண்ணும் இருந்தால் தொற்றுவது இன்னும் சுலபம்.

2. இரத்தம். ஒருவர் ஏற்றிய ஊசியை மற்றவர் பாவிப்பதால் தொற்றும். போதைப்பொருளை ஊசியால் ஏற்றும் இளைஞர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பச்சை குத்துவதற்கும், திருவிழாவில் அலகு குத்துவதற்கும் ஒருவருக்குப் பாவித்ததைக் கிருமி நீக்காமல் மற்றவருக்குப் பாவிக்கக்கூடாது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் இரத்தத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். இரத்த வங்கியில் தானமாகப் பெறும் இரத்தம் பரிசோதித்த பிறகே நோயாளிக்கு ஏற்றப்படுகிறது. இரத்ததானம் கொடுப்பதாலும் எந்தத் தொற்றும் வராது.

3. தாயிடமிருந்து பிள்ளைக்கு. வயிற்றில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, அல்லது தாய்ப்பால் மூலம் தொற்றலாம்.

எப்படித் தொற்றாது?

ஒரே பீலியில் குளிப்பதால் தொற்றாது. ஒரே கக்கூஸைப் பாவிப்பதால் தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால், ஒரே தட்டில் சாப்பிடுவதால் தொற்றாது. பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பதால், கூடையை மாற்றிக்கொள்வதால், கைகொடுப்பதால், கட்டிப்பிடிப்பதால் தொற்றாது. இருமல், தும்மல், வியர்வை, எச்சில், கண்ணீர் எதனாலும் தொற்றாது. நுளம்பு கடித்தாலும் தொற்றாது. பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் ஒன்றாகத் தூங்குவதாலும் விளையாடுவதாலும் தொற்றாது.

ஆகவே ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைப்பதால் யாருக்கும் எந்தப் பாதுகாப்பும் கிடைப்பதில்லை. பாவமும் பழியும்தான் மிச்சம்.

பரிசோதனை

இதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை ஒன்றே வழி. நுவரெலியா, கண்டி, பதுளை, இரத்தினபுரி, மாத்தளை, கேகாலை முதலிய மாவட்டங்களில் உள்ள அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இதை இலவசமாகச் செய்கிறார்கள். யாருடைய கடிதமும் தேவையில்லை, நேரே போகலாம். விபரங்களை இரகசியமாக வைத்திருப்பார்கள்.

மூன்று விஷயங்களை ஞாபகம் வைக்க வேண்டும். முதலாவது, கிருமி தொற்றிய அடுத்த நாளே பரிசோதனையில் தெரியாது. சில வாரங்கள் ஆகும். ஆகவே உடனே செய்த பரிசோதனையில் "இல்லை" என்று வந்தாலும், டாக்டர் சொல்லும் நாளில், சாதாரணமாக மூன்று மாதம் கழிந்த பிறகு, மறுபடியும் செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, முதல் பரிசோதனையில் "இருக்கு" என்று வந்தாலும் அது முடிந்த முடிவல்ல. வேறொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். மூன்றாவது, வெளிநாட்டுக்குப் போகும்போது எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட் அன்றைய நிலைமையை மட்டும்தான் சொல்லும். அதற்குப் பிறகு நடந்ததற்கு அது சாட்சி இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்குப் போய் வந்த பெண்பிள்ளைகளைப் பார்த்து, "என்னென்ன கொண்டாந்துச்சோ" என்று பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இலங்கையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். குடும்பத்துக்காகக் கடல் கடந்து உழைத்து வந்தவளுக்கு இப்படிப் பழி சொல்வது நியாயமா? கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வரும் மகனையும் தம்பியையும், "ஒருக்கா செக் பண்ணிக்கிட்டியா?" என்று கேட்கப் பழகுவோம்.

"கிளினிக் போனா ஒரு பேர் போயிருமே" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். ஒரு நாள் சம்பளம் நமக்குச் சின்ன விஷயமல்ல. ஆனால் பிந்திப் போனால் மாதக்கணக்கில் பேர் போகும். கிளினிக் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் வந்து, "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னால் போதும். எதற்கு என்று நாங்கள் கேட்கமாட்டோம்.

மருந்து

இந்த நோயை முதலில் 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டார்கள். இலங்கையர் ஒருவருக்கு இருப்பது முதலில் 1987இல் தெரிய வந்தது. அந்தக் காலத்தில் நோயாளியைக் காப்பாற்ற வழியில்லாமல் டாக்டர்மாரே கையைப் பிசைந்தார்கள். நம்மில் பலருக்கு மனதில் பதிந்திருப்பது அந்தக் காலத்துப் பயம்தான். 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தது, நிலைமை தலைகீழாக மாறியது. நமது நாட்டிலும் 2004 முதல் அரசாங்கம் இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது.

இன்று பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரையே போதுமாக இருக்கிறது. அது கிருமியை முற்றாக அழிக்காது, ஆனால் பெருகவிடாமல் அடக்கி வைக்கும். வாச்சர்மார் மறுபடியும் பலப்படுவார்கள். நேரத்தோடு தொடங்கி ஒழுங்காக எடுத்தால், மற்றவர்களைப்போல வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து, பேரப்பிள்ளைகளையும் பார்க்கலாம். இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. மருந்தால் இரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே தெரியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இது பெரிய ஆய்வுகளில் உறுதியான விஷயம்.

ஆனால் "சுகமாத்தானே இருக்கேன்" என்று மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது. விட்டுவிட்டு எடுத்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. "முற்றாகக் குணப்படுத்துகிறோம்" என்று விளம்பரம் செய்து காசு பறிப்பவர்களை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கிருமி தொற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படும் சம்பவம் ஏதும் நடந்தால், 72 மணித்தியாலத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 28 நாள் மருந்து எடுத்துத் தொற்றைத் தடுக்க வழி இருக்கிறது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த நேரம் தவறிவிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். எச்.ஐ.வி. உள்ளவரைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். காசநோய் நோயாளிக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதும் அதனால்தான்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு

கிருமி உள்ள தாய் மருந்து எடுக்காவிட்டால், அப்படிப் பிறக்கும் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்று ஏற்படலாம். மருந்து எடுத்தால் அது 5க்கும் குறையும். அதனால்தான் கர்ப்பிணி கிளினிக்கில் சிபிலிஸ், எச்.ஐ.வி. இரண்டுக்கும் இரத்தம் எடுக்கிறார்கள். "என்னைச் சந்தேகப்படுறாங்களோ" என்று எந்தத் தங்கச்சியும் நினைக்க வேண்டாம். எல்லாத் தாய்மாருக்கும் இது பொது. தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோயும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. கிளினிக்கில் கை நீட்டி இரத்தம் கொடுத்த தாய்மாருக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு. நம் தோட்டத்துத் தாய்மாரும் அதில் சேர்த்தி.

இந்தப் பெருமை நிலைக்க வேண்டுமானால், கர்ப்பம் என்று தெரிந்தவுடனே மருத்துவ மாதுவிடம் பதிந்துகொள்ள வேண்டும். கணவன்மாரும் பரிசோதனைக்குப் போக வேண்டும். பிள்ளைக்கு எந்தப் பால் கொடுப்பது என்பதில் பாட்டிமார் சொல்வதைவிட டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

நமது கடமை

லயத்துச் சுவருக்குக் காது உண்டு என்பது நமக்குத் தெரியும். ஒரு வீட்டில் சொன்னது அடுத்த நாள் பெரட்டுக் களத்துக்கு வந்துவிடுகிறது. ஒருவருடைய நோயைப் பற்றித் தெரிந்தால் அதை நம்மோடு வைத்துக்கொள்வதுதான் மனிதத்தன்மை. வெறும் வதந்தியால் ஒரு சிறு பையனைப் பாடசாலையில் சேர்க்க மறுத்த சம்பவம் நமது நாட்டில் நடந்தது. அந்த வழக்கில், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் கல்வி உரிமையைப் பறிக்க முடியாது என்பதை 2016இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நீதிமன்றம் வரை போகாமல் நாமே நியாயமாக நடந்துகொண்டால் எவ்வளவு நல்லது!

ஆகவே சகோதர சகோதரிகளே, கணவன் மனைவி ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்போம். ஆபத்து உள்ள இடத்தில் ஆணுறை பாவிப்போம். அதைக் கிளினிக்கில் இலவசமாகவே வாங்கலாம். ஊசியைப் பகிரமாட்டோம். சந்தேகம் இருந்தால் அடுத்த கிளினிக் நாளுக்கே போவோம். நோய் இருக்கிறவரோடு ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்போம். அவர் மாத்திரையை மறந்தால், "இன்னைக்கு மருந்து போட்டாச்சா அண்ணே?" என்று அன்போடு ஞாபகப்படுத்துவோம்.