சங்கத் தேர்தலும் ஆலை வாயிலும்

தேர்தல் என்றவுடன் நம் கண்முன் நிற்பது வாக்குப் பெட்டி. ஆயினும் அது தேர்தலின் கடைசிப் படியேயாகும். அதற்கு முன்னர் வேட்பாளர் வாக்காளரைக் காண வேண்டும். தம் கருத்தைச் சொல்ல வேண்டும். மறுப்பையும் கேட்க வேண்டும். இவற்றுக்கு இடமில்லாத தேர்தல் பெயரளவில் மட்டுமே தேர்தல்.

தொழிற்சங்கத் தேர்தலில் இவ்வுண்மை ஒரு சிக்கலை எழுப்புகின்றது. தொழிலாளரின் வீடுகள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவர்கள் நாள்தோறும் ஒன்றுகூடும் இடம் தொழிற்சாலை ஒன்றே. அவ்விடமோ முதலாளியின் உடைமை. பிறர் நிலத்தில் நின்று வாக்குக் கேட்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டா? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டம் இக்கேள்விக்குப் படிப்படியாகக் கண்ட விடையை இங்கே ஆராய்வோம்.

1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் தொழிலாளருக்குள்ள உரிமையை ஏற்றது. அதில் நிர்வாகம் தலையிடலாகாது என்றும் விதித்தது. இவ்வுரிமை ஆலையின் வாயிற்படியோடு நின்றுவிடுமா, உள்ளேயும் செல்லுமா என்ற ஐயம் எழுந்தது. 1945இல் உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளை ஒன்றாக விசாரித்து அதனைத் தீர்த்தது. நியூயார்க்கை அடுத்த லாங் தீவிலிருந்த ரிபப்ளிக் விமானத் தொழிற்சாலையில், உணவு இடைவேளையில் சங்க விண்ணப்பச் சீட்டுகளை வழங்கிய தொழிலாளி ஒருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். ஜார்ஜியா மாநிலத்து லெ டோர்னோ கம்பெனியில், தம் ஓய்வு நேரத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் துண்டுப் பிரசுரம் வழங்கிய இருவர் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். இரண்டிலும் தீர்ப்பு தொழிலாளர் பக்கமே அமைந்தது. வேலை நேரம் வேலைக்கு உரியது. இடைவேளையும், வேலைக்கு முன்னும் பின்னுமுள்ள நேரமும் தொழிலாளிக்கு உரியவை. உற்பத்திக்கோ ஒழுங்குக்கோ தேவையான தனிக் காரணம் இருந்தாலன்றி, அந்நேரத்தில் ஆதரவு கேட்பதைக் கம்பெனி தடுக்க இயலாது.

இதனை நம் விடுதி வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுதிக் கட்டிடம் பல்கலைக் கழகத்துக்குச் சொந்தம். வகுப்பு நடக்கும்போது எவரும் வாக்குக் கேட்பதில்லை. உணவுக்கூட வரிசையில் நிற்கும்போது ஒரு மாணவர் மற்றொரு மாணவரிடம் ஆதரவு கேட்டால், அதை அத்துமீறல் என்று எவர் சொல்வார்? ஆனால் விடுதியோடு தொடர்பில்லாத வெளியார் ஒருவர் உள்ளே வந்து கேட்டால் நிலைமை வேறன்றோ?

அமெரிக்கச் சட்டமும் இவ்வேறுபாட்டைக் கருதுகின்றது. தொழிலாளரை அணுக வேறு தக்க வழிகள் இருக்குமாயின், அங்கே வேலை செய்யாத சங்க அமைப்பாளரைக் கம்பெனி தன் நிலத்தினின்றும் விலக்கலாம் என 1956இல் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் வழக்கிலும், 1992இல் லெச்மியர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கூறியது. உள்ளே வேலை செய்வோர் தம் நண்பரோடு பேசும் உரிமைக்கு அரண் வலிது. வெளியாருக்கு அது மிகக் குறைவு.

பேச்சுக்கும் காகிதத்துக்கும் இடையேகூட வேறுபாடு உண்டு. பேச்சு காற்றோடு போகும். காகிதம் தரையில் குப்பையாகும். ஆகவே ஓய்வு நேரத்தில் எவ்விடத்திலும் பேசலாம். ஆனால் வேலை நடக்கும் கூடங்களில் துண்டுப் பிரசுரம் வழங்குவதைக் கம்பெனி தடுக்கலாம் எனத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1962இல் முடிவு செய்தது.

இதுவரை கண்டவை பெரும்பாலும் சங்கம் அமைப்பதைப் பற்றியவை. அமைந்த சங்கத்துக்குத் தலைவர் யார் என்பது அடுத்த போட்டி. பதவியிலிருப்போருக்கு அலுவலகம் உண்டு, பத்திரிகை உண்டு, சங்கப் பணியின் பெயரால் தொழிற்சாலைகளுக்குச் சென்றுவரும் வாய்ப்பும் உண்டு. எதிர்த்து நிற்கும் சாதாரண உறுப்பினருக்கு என்ன உண்டு? 1959இல் வந்த லாண்ட்ரம்-கிரிஃபின் சட்டம் இக்குறையைக் கருதியது. கிளைச் சங்கங்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வேட்பாளரின் பிரசுரத்தை அவர் செலவிலேயே உறுப்பினருக்கு அனுப்பிவைக்க வேண்டும். சங்கப் பணமோ முதலாளியின் பணமோ எந்த வேட்பாளருக்கும் துணைபோகக் கூடாது.

நிர்வாகமும் சங்கத் தலைமையும் கூடிப் பேசி வாயிலை அடைத்துவிட்டால் என்ன செய்வது? மாக்னவாக்ஸ் கம்பெனியில் அவ்வாறே நிகழ்ந்தது. கம்பெனி நிலத்தில் பிரசுரம் வழங்கலாகாது என்ற விதியைச் சங்கமே ஒப்புக்கொண்டிருந்தது. பின்னர் அச்சங்கமே அதை எதிர்த்து வழக்காடியது. தம் பிரதிநிதி யார் என்பதைப் பற்றித் தொழிலாளர் பேசும் உரிமையைச் சங்கம் விட்டுக்கொடுக்க முடியாது என 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் தெளிவு. அத்தகைய மௌனம் பதவியிலிருக்கும் சங்கத்துக்கே நன்மை பயக்கும்.

லாரி ஓட்டுநர் முதலியோரைக் கொண்ட டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் வரலாறு இதனினும் ஒருபடி மேலே செல்கின்றது. குற்றக் கும்பல்களின் பிடியிலிருந்து அதனை மீட்க அரசு 1988இல் தொடுத்த வழக்கு, 1989 மார்ச் 14இல் உடன்பாட்டில் முடிந்தது. மாநாட்டுப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுத்துவந்த தலைமையை இனி உறுப்பினரே நேரடியாகத் தேர்ந்தெடுப்பர் என்றாயிற்று. நாடெங்கும் பரவிய உறுப்பினரை எங்கே சந்திப்பது? அவர்கள் தம் வேலையிடத்தில் வண்டி நிறுத்தும் இடங்களில் வேட்பாளரும் பிற உறுப்பினரும், தாம் அங்கே வேலை செய்யாதவராயினும், பிரசுரம் வழங்கி ஆதரவு கேட்கலாம் எனத் தேர்தல் விதிகள் வழிசெய்தன. 1991 டிசம்பரில் தலைமையை எதிர்த்து நின்ற ரான் கேரி வென்றார். 1996இல் அவர் மீண்டும் பெற்ற வெற்றியோ, பிரசார நிதி முறைகேட்டால் 1997இல் செல்லாதெனப்பட்டது. வாயிலைத் திறந்த சட்டம், பணப்பையையும் சோதித்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: பேசுபவர் யார்? எந்த நேரம்? எந்த இடம்? எவர் பணம்? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால், முதலாளியின் உடைமையும் நிற்கும். தொழிலாளியின் குரலும் நிற்கும். வாக்குச்சீட்டை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் தம் தோழரோடு பேச இடங்கொடாதிருப்பது, விளக்கை ஏற்றிக் குடத்துக்குள் வைப்பதை ஒக்கும். நாளை நம்மில் பலர் தொழிலாளராகவும், சிலர் நிர்வாகிகளாகவும் அமர்வோம். எப்பக்கம் அமர்ந்தாலும் இதனை மறவாதிருப்போமாக.