கடைப் பின்கட்டில் அரைமணிச் சமையல்



நம்மில் கடை வைத்திருப்போரிடம் பகல் சாப்பாடு எப்பொழுது என்று கேட்டால், "லுஹருக்குப் பிறகு" என்பார்கள். சரி, எத்தனை மணிக்கு என்று மறுபடி கேட்டால் சிரிப்பார்கள். கல்லாவின் முன் ஆள் நிற்கும்வரை எழுந்திருக்க மனம் வராது. லாரி சரக்கு இறக்க வந்துவிட்டால் மூன்று மணியாகும். மாதத் தொடக்கமென்றால் அஸர் பாங்கு கேட்ட பிறகே பொட்டலம் பிரிப்போரும் உண்டு. அந்தப் பொட்டலமும் காலையில் வாங்கி வைத்து ஆறிப்போனதாக இருக்கும்.

இதை வயிற்றுப் பாடு என்று மட்டும் தள்ளிவிட முடியவில்லை. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் நீரிழிவு உள்ளவர் என்று தெரிந்தது. இந்தியரிடையே அந்த விகிதம் மற்ற இனத்தாரைவிட அதிகம். சிங்கப்பூரிலும் 2016-ல் சுகாதார அமைச்சு நீரிழிவின்மீது போர் என்றே அறிவித்தது. நம் கடைவீதியில் சர்க்கரை மாத்திரை விழுங்காத முதலாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த மாத்திரைகளில் சில வகை, போட்ட பிறகு வேளைக்கு உண்ணாவிட்டால் இரத்தத்திலுள்ள சர்க்கரையை வெகுவாக இறக்கிவிடும். இன்சுலின் ஊசியும் அப்படியே. திடீர் வியர்வை, கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, கண் இருட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அந்நேரம் தாமதிக்காமல் சர்க்கரை கரைத்த தண்ணீரோ இனிப்புப் பானமோ குடித்து, பிறகு சோறு உண்ண வேண்டும். ஆள் நினைவு தப்பிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. உடனே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். தம் மாத்திரை எந்த வகை என்பதை ஒவ்வொருவரும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே பகல் சாப்பாடு கடைக் கூட்டத்தை நம்பி இருக்கலாகாது. கடையிலேயே, நம் அலமாரிச் சாமானைக் கொண்டே, அரை மணியில் சோறும் ஆணமும் இறக்கும் வழியைச் சொல்வதே இப்பாடம்.

நம் முன்னோர் சமைக்கத் தெரியாதவர்களல்லர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்து, கடைக்கு மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அவர்கள். பெரிய கடைகளில் பண்டாரி ஒருவர் இருப்பார். சின்னக் கடைகளில் ஆள் மாற்றி ஆள் உலை வைப்பார்கள். பினாங்கில் நாசி கண்டார் பிறந்ததும் அப்படித்தான். 'கண்டார்' என்பது தோளில் தாங்கும் தண்டு. அதன் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறியும் தொங்க, துறைமுகத் தொழிலாளிகளிடம் கொண்டுபோய் விற்றார்கள் நம்மவர்கள். ஊருக்கே சோறு போட்ட கூட்டம் நாம். இன்று அதே கூட்டத்துப் பிள்ளைக்கு முட்டை அவிக்கக் கைப்பேசியில் படம் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் பார்ப்பது குற்றமில்லை. பார்த்துவிட்டு அவிக்காமல் படுத்துவிடுவதுதான் நமக்குப் பிடிக்கவில்லை.

அடுப்படி ஆண்களுக்கு அழகில்லை என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டாரின் வேலையில் உதவியிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து செல்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பதை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். அதற்குமேல் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் இடம். பின்கட்டில் கதவோ ஜன்னலோ உள்ள பக்கமாக அடுப்பை வையுங்கள். காஸ் தோம்புக்கு அருகில் அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் பை, எண்ணெய் டின் எதையும் அடுக்காதீர்கள். இடம் நெருக்கடியானால் மின்சார அடுப்பு ஒன்றும் சோற்றுப் பானை ஒன்றும் போதும். ஒரு சட்டி, ஓர் அகப்பை, ஒரு கத்தி, ஒரு பலகை. இவை தவிர வேறு பாத்திரம் வாங்கிப் பணத்தைக் கரியாக்க வேண்டாம்.

உலையை முதலில் ஏற்றிவிட வேண்டும். ஏனெனில் மற்ற வேலையெல்லாம் சோறு வேகும் நேரத்திற்குள் முடியக்கூடியவை. மின்சாரப் பானையில் சாதாரண வெள்ளை அரிசி ஒரு கப்புக்குத் தண்ணீர் ஒன்றரைக் கப். பொன்னிப் புழுங்கலென்றால் இரண்டரைக் கப்புக்குக் குறையாது. ரம்பை இலை இருந்தால் ஒன்றை முடிச்சுப் போட்டு உள்ளே இடுங்கள், வாசனைக்கு வாசனை. சர்க்கரை வியாதிக்காரர் சோற்றைக் குறைத்து ஆணத்தையும் கீரையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும், கடைப்பிடிப்பதுதான் இல்லை.

இனிப் பருப்பாணம். துவரம் பருப்பு வேக நேரம் பிடிக்கும். நமக்கு ஏற்றது சிவந்த மைசூர்ப் பருப்பு. ஊறப்போடாமலே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். (மைசூர் என்று பேரே தவிர, அது மசூர் என்ற சொல்லின் திரிபுதான். மூட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் கனடா என்றோ ஆஸ்திரேலியா என்றோ போட்டிருக்கும்.) நான்கு பேருக்கு ஒரு கப் பருப்பு. மூன்று முறை கழுவி, நான்கு கப் தண்ணீர், கால் கரண்டி மஞ்சள், நறுக்கிய வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு, தக்காளி ஒன்று ஆகியவற்றைச் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். பொங்கும் நுரையை அள்ளிவிட்டு, தீயைக் குறைத்து, மூடியைச் சாய்த்து வையுங்கள். முழுக்க மூடினால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். பருப்பு மலர்ந்த பிறகு உப்பு. ஒரு பிடி முருங்கைக் கீரையோ, பசாரில் மலிவாகக் கிடைக்கும் பாயம் கீரையோ அப்போது போட்டால் காய்க்கென்று தனிச் சட்டி வேண்டியதில்லை. கடைசியில் இரண்டு கரண்டி எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மெல்ல நறுக்கிய வெங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். அந்தச் சத்தம் கேட்டதும் கடையில் நிற்கும் பையன்களுக்குத் தானாகப் பசி வந்துவிடும்.

வாரம் முழுதும் பருப்பு என்றால் மூன்றாம் நாளே முகம் சுளிப்பார்கள். அடுத்தது சார்டின் ஆணம். சார்டின் டின் நம் அலமாரியின் பழைய நண்பன். சேவல் சின்னத்தோடு வரும் அயாம் பிராண்ட் கம்பெனியை 1892-ல் சிங்கப்பூரில் தொடங்கியவர் அல்ஃபிரட் குளூயே என்ற பிரெஞ்சுக்காரர். அந்தச் சேவலே சரக்குக்குப் பேராகிவிட்டது. எந்தச் சின்னமானாலும், தேதி கடந்ததும் மேல்மூடி உப்பியதும் கறிச்சட்டிக்கு ஆகாது. அது விற்பனைக்கும் ஆகாது. விற்க மனமில்லாத டின்னைக் கடைப் பையன்களுக்குச் சமைக்கக் கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே நிறுத்திக்கொள்ளட்டும்.

425 கிராம் டின் ஒன்று மூன்று நான்கு பேருக்குக் காணும். சட்டியில் மூன்று கரண்டி எண்ணெய் காய்ந்ததும் கால் கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம் இரண்டு, இஞ்சி பூண்டு விழுது ஒரு கரண்டி போட்டுச் சிவக்க வதக்குங்கள். இப்பொழுது கவனிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. மீன் மசாலைத் தூளை அப்படியே எண்ணெயில் கொட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் கருகிக் கசக்கும். பிறகு என்ன சேர்த்தாலும் அந்தக் கசப்புப் போகாது. ஒன்றரை மேசைக்கரண்டித் தூளை ஒரு மங்கில் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்தக் குழம்பைச் சட்டியில் ஊற்றி, சிறு தீயில் எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறுங்கள். ஐந்து நிமிடம் பிடிக்கும். பொறுமை வேண்டியது இந்த ஐந்து நிமிடத்திற்கே. பிறகு டின்னிலுள்ள தக்காளிச் சாற்றை மட்டும் ஊற்றி, அதே டின்னில் அரைப் பங்கு தண்ணீர் அலசி ஊற்றிக் கொதிக்க விடுங்கள். புளி கரைத்து வைத்திருந்தாலும் நாவில் வைத்துப் பார்த்தபின் சேர்க்கலாம். தக்காளிப் புளிப்பே பெரும்பாலும் போதும். உப்பும் அப்படியே, டின் மீனில் முன்னமே உப்பு உண்டு. கொதி வந்தபின் மீனை ஒவ்வொன்றாக இறக்கி, நான்கு நிமிடம் விடுங்கள். அகப்பை போடாதீர்கள், சட்டியின் காதைப் பிடித்து லேசாக ஆட்டினால் மீன் உடையாது. பாதி டின் மிஞ்சினால் தகரத்தோடு ஐஸ் பெட்டியில் வைக்காமல் மூடியுள்ள மங்கில் மாற்றிவிடுங்கள்.

மழை நாளிலும் காய்ச்சல் நாளிலும் புளியாணம். எலுமிச்சையளவு புளியை மூன்று கப் தண்ணீரில் கரைத்து வடித்து, தட்டிய சீரகம் ஒரு கரண்டி, மிளகு அரைக் கரண்டி, பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய், வெங்காயம், மஞ்சள், உப்பு சேர்த்து, நுரை கட்டியதும் இறக்கித் தாளிக்க வேண்டியதுதான். கால் மணி வேலை. காயல்பட்டினத்தார் ஒரு விதமாகச் செய்வார்கள், கீழக்கரையார் வேறு விதம், கடையநல்லூரார் அதுவே இல்லை என்பார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நம்மால் ஆகாது. இதற்குத் துணை முட்டை: இரண்டு முட்டையோடு வெங்காயம், பச்சை மிளகாய், இடித்த மாசி ஒரு சிட்டிகை அடித்து ஊற்றிப் பொரித்தால் போதும்.

மேல்மாடியில் தங்கும் பையன்கள் இரவில் பொட்டல மீ வேகவைத்துத் தின்பதைப் பார்க்கிறோம். மூன்று நிமிடத்தில் வயிறு நிறைகிறது, உண்மைதான். ஆனால் அதிலுள்ள மசாலைப் பையில் உப்பு மிகுதி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது. அதில் பெரும்பகுதியை அந்த ஒரு சிறு பை கொடுத்துவிடக்கூடும். தின்னத்தான் வேண்டுமென்றால் பையில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி சாவிக் கீரையும் சேர்க்கச் சொல்லுங்கள். முதலாளி இதைச் சொல்வதைவிட, பகலிலேயே இரவுக்கும் சேர்த்து ஆணம் வைக்க அனுமதிப்பது மேல். பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்மை நம்பித்தான் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார்கள்.

முறை எப்படி வைப்பது? நான்கு பேர் உள்ள கடையில் ஆளுக்கு ஒரு நாள் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முதலாளியின் பேரும் அதில் இருக்கட்டும். பன்னிரண்டரைக்கு உலை, ஒன்றேகாலுக்கு முதல் இருவர் சாப்பாடு, தொழுகை முடிந்து மற்ற இருவர். மாத்திரை போடுபவர் எப்பொழுதும் முதல் பந்தியில். அலமாரியிலிருந்து எடுக்கும் சாமானை ஒரு நோட்டில் எழுதி, கடைச் சாப்பாட்டுச் செலவில் பற்று வையுங்கள். எழுதாமல் எடுத்தால் மாத முடிவில் இருப்புக் கணக்கு உதைக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்துமுன் அடுப்பு அணைந்ததா, தோம்பின் திருகு மூடியதா என்று அன்றைய முறைக்காரர் பார்த்துவிட்டே சாவியை எடுக்க வேண்டும்.

மீதிச் சோற்றைப் பற்றி ஒன்று. நம் நாட்டுச் சூட்டில் சோறு இரண்டு மணி நேரத்திற்குமேல் வெளியே கிடந்தால் அதில் கிருமி பெருகி நஞ்சு உண்டாகும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு சாவதில்லை. உண்டு முடிந்ததும் மீதியை அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, மூடி ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாளே ஒரே தடவை நன்றாகச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணம் அவ்வளவுகூடத் தாங்காது. அதை அன்றைக்கே, கடை சாத்துமுன் காலி செய்துவிட வேண்டும்.