பூமியதிர்ச்சியும் பாலங்களும்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம்மவர் மரபு. அந்நிலமே பொறையிழந்து நடுங்குங்கால் அதன்மேல் நிற்பனவற்றுட் பேரிடருக்கு ஆளாவன பாலங்கள். வீடொன்று இடியின் அவ்வீட்டார் துன்புறுவர். பாலமொன்று இடியின் அக்கரையிற் காயமுற்றுக் கிடக்கும் அனைவர்க்கும் மருந்தும் உணவும் சென்றடைதல் அரிதாகும்.

1995ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆந் திகதி விடியற்காலையில் யப்பானின் கோபே நகர்ப்புறத்தைத் தாக்கிய பூமியதிர்ச்சியில் 6,400க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஹன்ஷின் எனப் பெயரிய உயர்தெருவில் 600 மீற்றருக்கு மேற்பட்ட பகுதி, தூண்கள் முறிய, ஒருபுறமாகச் சாய்ந்து வீழ்ந்தது. அத்தூண்கள் பார்வைக்கு மெலிந்தன அல்ல. அவற்றினுள் இடப்பட்ட உருக்குக் கம்பிகள் போதாமை ஒரு காரணமென்பது உண்மையே. எனினும் தூணைப் பருமனாக்குதலே தக்க பரிகாரமென எண்ணுதல் பொருந்தாது.

ஏனெனில், நிலம் பாலம் முழுவதையும் நேரே தள்ளுவதில்லை; தூணின் அடியையே இழுக்கின்றது. மேலுள்ள தளமோ தன் சடத்துவத்தால் நின்றவிடத்திலேயே நிற்க முயல்கின்றது. இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்டு வருந்துவது தூண். விசையானது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்க வருவது என்னும் நியூற்றனின் விதியை நாம் அறிவோம். தூண் பருத்தால் வலிமை கூடும். உடன் விறைப்பும் கூடும். விறைத்த தூண் நிலத்தின் ஆர்முடுகலைக் குறையாமல், ஒரோவழிப் பெருக்கியும், தளத்திற்குக் கொடுக்கும்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் விற்சுருளிற் படிகளைத் தொங்கவிட்டு அலைவு காலம் அளந்த நாட்களை நம் பழைய மாணவர் மறந்திரார். சுருளின் விறைப்பு நான்கிலொன்றாகக் குறையின் அலைவு காலம் இருமடங்காகும். வன்னிலத்தில் நேரும் அதிர்ச்சிகளின் வேகம் பெரும்பாலும் ஒரு செக்கனுக்குக் குறைந்த அலைவு காலங்களிலேயே செறிந்துள்ளது. குறுகிய தூண்களையுடைய பாலத்தின் அலைவு காலமும் அரைச் செக்கன் அளவினதாயின் பரிவு நேர்ந்து அழிவு மிகும். தளத்துக்கும் தூணுக்குமிடையே நெகிழ்வான பொருளொன்றை வைத்து, விறைப்பைப் பதினாறிலொன்றாக்கின், அலைவு காலம் இரண்டு செக்கனாகும். அப்பொழுது கீழே நிலம் விரைந்து துடிக்க, மேலே தளம் மெல்ல ஊசலாடும். வெயிலில் நீண்டு குளிரிற் சுருங்குதற்கெனப் பாலங்களில் ஏற்கெனவே தாங்கிகள் உளவாதலின், இம்முறைக்குக் கட்டடத்திலும் பாலமே இயல்பாக இடந்தருகின்றது என்பது எம் கருத்து.

அந்நெகிழ்பொருள் யாது? பென்சிற் கோட்டை அழிக்க நாம் பயன்படுத்திய இறப்பரே. மெல்லிய இறப்பர்த் தகடுகளையும் உருக்குத் தகடுகளையும் மாறிமாறி அடுக்கிச் சூட்டினால் ஒட்டுவர். மேலிருந்து அழுத்தும் பாரத்தால் இறப்பர் பக்கத்தே பிதுங்கவொட்டாது உருக்குத் தடுக்கும். ஆதலின் தாங்கி பாரத்திற்கு விறைப்பாகவும் பக்க அசைவுக்கு மென்மையாகவும் இருக்கும். ஆயின் இறப்பர் மட்டுமிருப்பின் தளம் நெடுநேரம் ஆடிக்கொண்டேயிருக்கும். இக்குறையை நீக்கியவர் நியூசிலாந்தின் விஞ்ஞானி வில்லியம் றொபின்சன். 1970களில் அவர் தாங்கியின் நடுவே துளையிட்டு ஈயத்தண்டொன்றைச் செருகினார். சாதாரண காற்றுக்கும் வண்டியின் தடைக்கும் ஈயம் அசையாது. பூமியதிர்ச்சியில் உருக்குலைந்து, அசைவின் சத்தியை வெப்பமாக மாற்றும். இரும்புக் கம்பியைப் பலமுறை வளைக்க அது ஒடிந்துபோதல் யாவரும் கண்டதே. ஈயமோ சாதாரண வெப்பநிலையிலேயே தன் பளிங்கமைப்பை மீளப் புதுப்பித்துக்கொள்வது; மீண்டும் மீண்டும் பிசையப்பட்டும் ஒடியாதது. எளிய உலோகமென நாம் இகழ்ந்ததற்கு இத்துணைச் சிறப்பு! கோபே அழிவின் பின்னர் யப்பானியப் பாலங்களில் இறப்பர்த் தாங்கிகள் பெருகின.

வேறு வழிகளும் உள. குழிந்த உருக்குத் தட்டிலே தாங்கி வழுக்கி ஏறி, பாரத்தால் மீண்டும் நடுவுக்கு இறங்கும் அமைப்பு ஒன்று. தட்டின் வளைவாரை ஒரு மீற்றராயின் அலைவு காலம் ஏறத்தாழ இரண்டு செக்கன். ஒரு மீற்றர் நீளமுள்ள ஊசலுக்கும் அஃதேயன்றோ. நியூசிலாந்தில் 1981இல் திறக்கப்பட்ட தென் றங்கிற்றிக்கி இரயிற்பாலத்திலோ, உயர்ந்த தூண்களின் கால்கள் அதிர்ச்சியின்போது சற்றே மேலெழும்பி அடியெடுத்துவைக்குமாறு அமைத்தனர்.

இவற்றை எவ்விடத்தும் ஏற்ற மருந்தெனக் கொள்ளலாகாது. மெக்சிக்கோ நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின் மென்களியில் நிற்பது. 1985 செப்ரெம்பரில் அக்களி ஏறத்தாழ இரண்டு செக்கன் அலைவு காலத்துடன் ஆடியது. அங்கே பாலத்தின் அலைவு காலத்தை இரண்டு செக்கனாக்குதல் இடரைத் தேடிச் செல்வதாகும்.

மென்மைக்கு நாம் கொடுக்கும் விலை இடப்பெயர்ச்சி. விசை குறைந்த அளவுக்குத் தளம் நெடுந்தூரம் நகரும். அதற்கு இடைவெளி விடல் வேண்டும். துருக்கியின் போலு மேம்பாலம் 2 கிலோமீற்றருக்கு மேல் நீண்டது; அதற்குத் தனிப்படுத்துந் தாங்கிகள் இடப்பட்டிருந்தன. பணி நிறைவெய்தும் தறுவாயில், 1999 நவெம்பர் 12ஆந் திகதி, 7.2 அளவான பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. நிலப்பிளவு பாலத்தின் கீழேயே குறுக்கறுத்துச் சென்றது. தாங்கிகள் நகரக்கூடியது ஏறத்தாழ ஒரு சாண். நிலம் கேட்டதோ அதனினும் பன்மடங்கு. தாங்கிகள் சிதறின, தளம் தூண்களின்மேல் இடம்பெயர்ந்தும் கீழே வீழாது நின்றது. பின்னர்ப் பொறியியலாளர் தளத்தை மீள நிலைப்படுத்தி, மேற்கூறிய குழிதட்டுத் தாங்கிகளைப் பெரிய இடப்பெயர்ச்சிக்கு ஏற்றவாறு அமைத்தனர். 2007இல் அப்பாதை திறக்கப்பட்டது.