கோடு பனிக்கா, பாறைக்கா?

கேள்வி: மகளுக்குச் சம உயரக் கோடுகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். "எரிமலையைப் பனி மூடியிருந்தால் கோடு போடுவது பனிக்கா, அடியில் இருக்கிற பாறைக்கா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்குவீர்களா?
- ஒரு வாசகி, ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், அம்மா. எவரெஸ்ட் விஷயத்தில் இரண்டு நாடுகளே இதில் முரண்பட்டன. 2005-ல் சீனா பாறையின் உயரம் 8,844.43 மீட்டர் என்றது. நேபாளமோ பனியையும் சேர்த்து 8,848 என்றது. 2020-ல்தான் இருவரும் சேர்ந்து, பனியோடு 8,848.86 மீட்டர் என்று அறிவித்தார்கள்.

நிலத்தின் ஏற்ற இறக்கத்தைச் சம உயரக் கோடுகளால் காட்டும் தலப்படத்திலும் கோடு பனிக்குத்தான். ஆனால் நிறம் வேறு. வெறும் நிலத்தில் பழுப்பு, பனியாற்றின் மேல் நீலம் என்பது பல நாடுகளின் வழக்கம். பழுப்புக் கோடு பெரும்பாலும் தலைமுறைகளுக்கு நிற்கும். பனியாறு நகரும், மெலியும். அதனால் நீலக் கோடு அளந்த காலத்துக்கு மட்டுமே சரி. இத்தகைய படத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது அளந்த ஆண்டைத்தான். மகள் படம் வரைந்தால் ஓரத்தில் தேதி போடச் சொல்லுங்கள்.

அதற்காகப் பழைய நீலக் கோடு வீண் என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு ஏறக்குறைய நேர் தெற்கே, வெகு தொலைவில், இன்றும் பிரான்சுக்குச் சொந்தமான கெர்கலென் தீவுகள் இருக்கின்றன. எரிமலைக் குழம்பு உறைந்து உருவானவை. 1,850 மீட்டர் உயர மோன் ரோஸ் சிகரத்திலிருந்து பனியாறுகள் இறங்குகின்றன. 1963 நிலவரப்படி அத்தீவுகளில் பனி மூடிய பரப்பு 703 சதுர கிலோமீட்டர், 2001-ல் 552. பழைய அளவைக் காலாவதி என்று ஒதுக்கியிருந்தால், இழந்தது எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது?

சரி, அடியில் உள்ள பாறை? ரேடார் அலைகளைப் பனிக்குள் செலுத்துவார்கள். அவை பாறையில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்திலிருந்து பனியின் தடிமனைக் கணக்கிடலாம். எரிமலையில் இது உயிர் காக்கும் கணக்கு. வெடிக்கும்போது எவ்வளவு பனி உருகும், அது எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். கொலம்பியாவின் நெவாதோ தெல் ரூயிஸ் 1985 நவம்பர் 13 அன்று வெடித்தது. அப்படியொன்றும் பெரிய வெடிப்பு இல்லை. உச்சிப் பனியில் ஒரு பகுதி உருகி, சேறும் கல்லுமாக ஆற்று வழியே இறங்கி அர்மேரோ நகரைப் புதைத்தது. 20,000 பேருக்கு மேல் மாண்டார்கள். சேறு பாயக்கூடிய இடங்களைக் காட்டும் வரைபடம் அதற்கு முந்தைய மாதமே தயாராகியிருந்தது. அர்மேரோவும் அதில் இருந்தது. ஊரைத்தான் காலி செய்யவில்லை.