தலைமயிர் உதிர்தல்: காரணமும் சிகிச்சையும்

தலையினின்று வீழ்ந்த மயிரை, தம் நிலையிற் றாழ்ந்த மாந்தர்க்கு உவமையாக்கினார் திருவள்ளுவர். தலைமேல் இருக்குங்கால் எண்ணெயும் சீப்பும் பூவும் பெற்ற மயிர், கீழே வீழ்ந்தவுடன் குப்பையொடு குப்பையாகின்றது. அஃது உண்மையே. ஆயினும், மயிர் வீழ்ந்தமைக்காக அதனைச் சுமந்திருந்த தலைக்குரியவர் நாணுவது என்ன நியாயம்? விடுதிகளிலே சீப்பிற் சிக்கிய மயிரை நாடோறும் எண்ணியெண்ணி உறக்கமிழக்கும் மாணவரும் மாணவியரும் பலர். அவர்களை முன்னிட்டே இப்பொருளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், மயிரின் வாழ்க்கை முறையை அறிதல் வேண்டும். மனிதர் தலையில் ஏறக்குறைய 1,00,000 மயிர்கள் உள. கண்ணுக்குப் புலனாகும் மயிர் உயிரற்றது. உயிருள்ள பகுதி தோலினுள்ளே மயிர்க்காலில் அமைந்துள்ளது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டு வரை வளர்ச்சிப் பருவத்தில் இருந்து, திங்களுக்கு ஏறத்தாழ 1 செண்டிமீட்டர் அளவு மயிரை வளர்க்கின்றது. பின்னர் 2 அல்லது 3 வாரம் ஒடுங்கி, அதன்பின் ஏறக்குறைய 3 திங்கள் ஓய்வு கொள்கின்றது. ஓய்வின் முடிவிற் பழைய மயிர் வீழ்கின்றது. தென்னையில் முதிர்ந்த மட்டை வீழ வீழக் குருத்து மேலெழுவது போலவே இதுவும். ஆதலின் நாளொன்றுக்கு 50 முதல் 100 மயிர் வரை உதிர்தல் இயற்கையேயாம்.

இவ்வோய்வுக் காலத்தை மறவாதிருத்தல் வேண்டும். கடுஞ்சுரம், பிள்ளைப்பேறு, அறுவைச் சிகிச்சை, உணவைத் திடீரெனக் குறைத்தல் ஆகியவற்றால் உடல் அதிர்ச்சியுறுங்கால், மயிர்க்கால்கள் பல ஒருங்கே ஓய்வு கொள்கின்றன. அம்மயிர்கள் உடனே வீழ்வதில்லை. 2 அல்லது 3 திங்கள் கழித்தே கொத்துக் கொத்தாக வீழ்கின்றன. காரணம் ஒரு காலத்திலும் காரியம் பிறிதொரு காலத்திலும் நிகழ்வதால், மக்கள் உண்மைக் காரணத்தை விடுத்து, நேற்று மாற்றிய சோப்பையும் இன்று குளித்த நீரையும் பழிக்கின்றனர்.

நாம் அறிந்த மாணவர் ஒருவர் மே மாதத்தில் டைபாய்டு சுரத்தால் வருந்தி, ஜூன் மாதம் விடுதியிற் சேர்ந்தார். ஆகஸ்டில் மயிர் உதிரத் தொடங்கிற்று. விடுதியின் உப்புத் தண்ணீரே காரணம் எனத் துணிந்தார். உப்பு நீர் மயிரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கலாமேயன்றி, மயிரை இவ்வாறு வேரொடு கொத்தாக வீழ்த்துவதன்று. அவரோ தேர்வுக்கட்டணத்திற்கென வைத்திருந்த பணத்தைக் கொடுத்துத் தைலம் வாங்கினார்; வகுப்பினர் கூடி நிழற்படம் எடுத்த நாளில் அறையை விட்டு வெளிவரவில்லை. அடுத்த ஜனவரியில் மயிர் முன்போற் செழித்தது. சுரம் நீங்கியபின் இயற்கையே அளித்த அவ்வளர்ச்சியை அவர் தைலத்தின் கணக்கில் எழுதினார்.

அவ்வளவோடு நின்றிருப்பின் தீங்கு சிறிதே. அவர் தம் நண்பர்க்கும் அத்தைலத்தையே அன்போடு அளித்தார். நண்பருக்கு இருந்ததோ வேறு நோய். உச்சியில் ஓரிடத்தே தோல் சிவந்து, அரித்து, மெழுகு பூசியதுபோற் பளபளத்தது. தழும்பை உண்டாக்கி மயிர்க்காலையே அழிக்கும் நோய் அது. அவர் தைலத்தை நம்பி எட்டுத் திங்கள் கழித்தார். மருத்துவரிடம் சென்றபோது நோய் பரவுவதைத் தடுக்க முடிந்ததேயன்றி, அழிந்த இடத்தில் மயிரை மீட்க முடியவில்லை. ஒருவர்க்குக் காத்திருத்தலே மருந்தாயிற்று. மற்றவர்க்குக் காத்திருத்தலே கேடாயிற்று.

ஆகவே உதிர்தலின் வகையறிதலே சிகிச்சையின் முதற்படி. வட்ட வட்டமாக மயிர் நீங்கும் நோயைப் புழுவெட்டு என்கிறோம். அங்கே புழு எதுவும் இல்லை. உடலைக் காக்கும் எதிர்ப்பாற்றலே வழிதவறி மயிர்க்காலைத் தாக்குகின்றது. சிலர்க்குத் தானே மறையும்; பிறர்க்கு ஸ்டீராய்டு ஊசி பயன்படும். கடும் நோய்க்கெனப் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரை 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுவர் தலையிற் செதிலொடு தோன்றும் படை பூஞ்சணத்தால் வருவது. அதற்கு மேற்பூச்சு மட்டும் போதாது, உட்கொள்ளும் மருந்தும் வேண்டும். பின்னலை நாடோறும் இறுக்கிக் கட்டுவதால் நெற்றியோரத்து மயிர் நீங்குதலும் உண்டு. காலத்தே தளர்த்திக் கட்டினால் அது மீளும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு சுரப்பியின் கோளாறும் இரத்தப் பரிசோதனையால் அறியப்படுவன.

வழுக்கை என்பது பெரும்பாலும் குலவழி வருவது. 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க அறிஞர், பருவமெய்துமுன் விதை நீக்கப்பட்ட ஆடவர்க்கு வழுக்கை விழுவதில்லை என்றும், குலவழி இயல்புடையார்க்கு ஆண்மைச் சுரப்பை ஊட்டியபோது அது தோன்றிற்று என்றும் காட்டினார். ஆண்மைச் சுரப்பினின்று பிறக்கும் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் பொருள், அவ்வியல்புடைய மயிர்க்கால்களை ஆண்டுக்கணக்கிற் சிறுகச் செய்கின்றது. ஃபினாஸ்டிரைடு என்னும் மாத்திரை அப்பொருள் உண்டாவதைக் குறைப்பது; 1997-இல் ஆடவர் வழுக்கைக்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிலர்க்கு ஆண்மைக் குறைவும் மனச்சோர்வும் நேர்ந்ததுண்டாதலின், மருத்துவர் சொல்லின்றி உட்கொள்ளலாகாது. கருவுற்ற மகளிர் உடைந்த மாத்திரையைத் தொடுதலும் கூடாது.

மினாக்ஸிடிலின் வரலாறு விந்தையானது. இரத்த அழுத்தத்திற்கென அதனை உண்டவர் உடலில் மயிர் மிகுந்து வளர்வதைக் கண்டே, தலையிற் பூசும் மருந்தாக்கினர். 1988-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. தொடக்கத்திற் சில வாரம் உதிர்தல் மிகும். அஞ்சி நிறுத்துவோர் பலர். பயன் தெரிய 4 முதல் 6 திங்கள் ஆகும். நிறுத்தினால் பெற்றதும் போகும்.

மயிர்க்காலைப் பெயர்த்து நடும் முறையும் உண்டு. ஷோஜி ஒகுடா என்னும் ஜப்பானிய மருத்துவர் 1939-இலேயே இதனை வெளியிட்டார். உலகப் போரின் இடையில் அது மேனாட்டார் கண்ணிற் படாது போயிற்று. 1959-இல் நியூயார்க் நகரத்து நார்மன் ஓரென்ட்ரைக், பிடரியின் மயிர்க்கால் வழுக்கையிடத்து நடப்பெற்றாலும் தன் இயல்பு மாறாது வளர்வதைக் காட்டினார். நாற்றங்காலிற் பயிர் இருந்தாலன்றி நடவு இல்லை. பிடரியில் மயிர் குறைந்தார்க்கு இம்முறை உதவாது. மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதோ வெறும் நம்பிக்கை. சிரைத்தலால் முகமயிரின் வளர்ச்சி மாறுவதில்லை என மில்ட்ரெட் டிராட்டர் 1928-இலேயே அளந்து காட்டியுள்ளார். கத்தி மயிர்க்காலைத் தீண்டுவதில்லை யாதலின் தலைமயிர்க்கும் இது பொருந்தும்.

மாணவ நண்பர்காள்! மயிர் மிகுந்து உதிரக் காணின் கடைக்குச் செல்லுமுன் மூன்று வினாக்களை உம்மையே கேட்பீராக. மூன்று திங்களுக்கு முன் உடலுக்கு நேர்ந்தது யாது? தலை முழுதும் உதிர்கின்றதா, ஓரிடத்திலா? அவ்விடத்துத் தோல் சிவந்தோ, வலித்தோ, பளபளத்தோ இருக்கின்றதா? மூன்றாம் வினாவிற்கு ஆம் என்பது விடையாயின் ஒரு வாரமும் தாழ்த்தாது, அரசினர் மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவை நாடுக. தமக்குப் பலித்ததென ஒருவர் அன்போடு தரும் மருந்தையும், உம் நோய் யாதெனத் தெரியும்வரை ஏற்றல் வேண்டா. தேர்வுக்கட்டணத்தைத் தேர்வுக்கே செலுத்துக. அடுத்த முறை வகுப்பினர் நிழற்படம் எடுக்குங்கால், மயிர் இருப்பினும் இல்லாவிடினும், உம் இடத்தில் நீர் வந்து நிற்றல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.