மாட்டிக்கிட்டு வாங்க

முதல் தடவை மாணவர்களின் முகமூடி செய்யும் போட்டிக்கு நடுவராகப் போனபோது, மேசையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தவற்றைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிட்டேன். முதல் பரிசு ஒரு நரசிம்மருக்கு. பிடரி மயிரை இழை இழையாகத் தீட்டியிருந்தான் பையன். அதை மாட்டிக்கொண்டு பரிசு வாங்க வந்தவன் மேடைப் படியில் தடுக்கி விழப் பார்த்தான். கண் துளை அவன் நெற்றிக்கு நேரே இருந்தது. மெலட்டூர் பாகவத மேளா நாடகத்தில் நரசிம்மர் முகமூடியோடுதான் வருவார்; இப்படி இருந்தால் இரணியனை எங்கே பிடிப்பது?

அடுத்த வருஷத்திலிருந்து, "மாட்டிக்கிட்டு வாங்க" என்றுதான் ஆரம்பிக்கிறேன். பத்தடி தள்ளி நிற்கவைத்து, தலையை ஆட்டச் சொல்வேன். பாதி முகமூடிகள் அங்கேயே கழன்றுவிடும்.

போன முறை கழலாத ஒன்று, ஒன்பதாம் வகுப்புப் பெண் செய்த ஆந்தை. காகிதம் ஒட்டி முகமூடியை வீட்டிலேயே செய்து வரலாம், வண்ணம் மட்டும் எங்கள் முன்னால் தீட்ட வேண்டும் என்பது போட்டி விதி. வாங்கித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பழைய வேட்டித் துணி ஒட்டியிருந்தது, வியர்வைக்கு. கயிறு கட்டும் துளையைச் சுற்றியும் துணி. ஒரு சுற்று செய்தித்தாள், அடுத்த சுற்று வெள்ளைத்தாள் என்று மாற்றி மாற்றி ஒட்டியிருக்கிறாள். "எங்க விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சிடும் சார்."

"கத்தரிக்கோல் போடலையா?"

"கையால கிழிச்சா ஓரம் அமுங்கிடும் சார்."

எனக்கு இதைக் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆனது.

பசை விஷயத்தில் மட்டும் பிள்ளைகளை அதட்டுவேன். போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். சுவருக்குச் சரி, மூக்கின் மேல் வைக்கிற பொருளுக்கு அது விஷம். வெந்தயத்தை ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் போதும். காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்களின் பழைய வழி அது. ஒரு சுற்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் வெளியே ஓடாகவும் உள்ளே சதசதவென்றும் இருந்து, மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு முந்தின ராத்திரி மின்விசிறிக்குக் கீழே வைத்துக் காயவைத்ததை, தொட்டதுமே கண்டுபிடித்துவிடலாம்.

கண் துளையை எப்படி வெட்டினாய் என்று ஆந்தைக்காரியைக் கேட்டேன். வெட்டுவதற்கு முன் முகத்தில் வைத்துக்கொண்டு, தங்கச்சியை எதிரே நிற்கவைத்து, கண் வரும் இடத்தைப் பென்சிலால் குறிக்கச் சொன்னாளாம். அவள் காட்டிய இடத்தில் பென்சில் தடம் இன்னும் அழியாமல் இருந்தது.