முதிர்ந்த வயதில் விலங்கியற் பட்டம்

சென்ற கோடையில் சங்கு குளிக்கும் அன்பர் ஒருவர் எம் அலுவலகத்திற்கு வந்தார். வயது 34, இரு குழந்தைகளின் தந்தை. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயின்று தேறியவர். “ஐயா, விலங்கியல் படிக்கலாம் என்றிருக்கிறேன், எந்தக் கல்லூரி நல்லது?” என்று வினவினார். எதன்பொருட்டுப் படிக்க விழைகிறீர் என்று நான் கேட்டேன். முத்துப் பார் பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடப்பது ஏன் என்று அறிய வேண்டும். மீன்துறையில் வேலை கிடைத்தாலும் நலம் என்றார். இவை இரு வேறு நோக்கங்கள். ஒரே பட்டம் இரண்டிற்கும் பொருந்தும் என்று எண்ணிவிடுதல் கூடாது.

நம் கரையில் முத்துப் பாருக்கும் விலங்கியலுக்கும் உறவு நெடிது. 1902இல் இலங்கைப் பார்களை ஆராய ஹெர்ட்மன் என்னும் பேராசிரியர் வந்தார். அவருக்கு உதவியாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றி, நம் சங்கினையும் சிப்பியையும் ஆராய்ந்து எழுதினார். தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது; அதன் பின் பெருங்குளிப்பு நிகழவில்லை. ஆயினும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், உருண்டை முத்தினைச் சிப்பிக்குள் வளர்த்தெடுத்தனர். 1981இல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உண்டாக்கினர். மூழ்குவோர் பாரினைக் கண்ணால் அறிவர். ஆனால் சிப்பியின் இளவுயிர் பாரில் ஒட்டுமுன் பல நாள் நீரில் மிதந்து திரிவதை நுண்ணோக்கியின்றிக் காண இயலாது.

ஆகவே, கல்லூரியின் பெயரைக் கேட்குமுன் அதன் ஆய்வுக்கூடத்தைச் சென்று பாருங்கள் என்றேன். வ. உ. சிதம்பரம் கல்லூரியிலும், பெண்களுக்குத் தூய மரியன்னை கல்லூரியிலும் விலங்கியல் துறை உண்டு. படிப்பு 3 ஆண்டு. பகற்கல்லூரியில் சேர்ந்தால் கடலுக்குச் செல்லும் நாட்கள் குறையும். அந்த வருவாய் இழப்பைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மீன்துறைப் பணியே நோக்கமாயின், 1977இல் தூத்துக்குடியில் தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரியின் 4 ஆண்டுப் பட்டத்தையும் எண்ணிப் பார்க்கலாம். எங்காயினும் அவ்வாண்டுச் சேர்க்கை அறிவிப்பில் வயது வரம்பினை முதலில் நோக்குக. தொலைநிலையில் பயில்வோர்க்கு 1985இல் அமைந்த இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உண்டு. அங்கும் செய்முறைப் பயிற்சிக்கு நேரில் செல்ல வேண்டும். அம்மையம் எவ்வூரில் உள்ளது என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அவருடைய உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததையும் அவரே சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புத் தேறாமலேயே எங்கோ ஒரு நிறுவனத்தில் அஞ்சல்வழிப் பட்டம் பெற்றாராம். நம் மாநில அரசுப் பணிக்குப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முறையே தேறிய பின் பெற்ற பட்டமே ஏற்கப்படும். பணம் வாங்கியோர் இதனை அவருக்குச் சொல்லவில்லை. இத்தகையோர் கையொப்பம் வேண்டி வரும்போது, அவர்தம் பள்ளிச் சான்றுகளை ஊராட்சி உறுப்பினர்கள் ஒருமுறை பார்த்தல் நன்று. பண்ணைக் குட்டையில் மீன் வளர்க்க மட்டும் விரும்பும் உழவர்க்குப் பட்டம் வேண்டியதில்லை. சின்னாட் பயிற்சியே போதும்.

அன்பர் மறுவாரம் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்து வந்தார். கண்ணாடிக் குடுவையில் பதப்படுத்தி வைத்திருந்த கடலட்டையின் பெயர்ச்சீட்டில் ஊர் தவறாக எழுதப்பட்டிருந்ததாம். அதனை அங்கிருந்தோரிடம் சொல்லித் திருத்தச் செய்தாராம். விண்ணப்பப் படிவத்தை இப்போது மனைவியாரோடு அமர்ந்து நிரப்பிக்கொண்டிருக்கிறார்.